பதினோராவது பெயர்

சென்ற மாதம், புதிதாகச் சேர்ந்த ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்களிடம் மழைக்கால முன்னேற்பாடு பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார்கள். வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்த பிறகு அந்த அலுவலகப் படியை நான் மிதித்தது அதுவே முதல் தடவை. பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "சார், உங்க சர்வீஸ்லயே ரொம்பக் கஷ்டமான கேஸ் எது?" என்று கேட்டாள். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிக்கு அடியில் சிக்கியவனை இரண்டு மணி நேரம் போராடி மீட்ட கதையைச் சொன்னேன். கை தட்டினார்கள்.

அந்தக் கதையில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. பதில் காயல்பட்டினத்தில் இருக்கிறது. அதை அந்தக் கூடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். இந்த ஐப்பசியில் அவள் கையிலும் ஒரு பட்டியலைக் கொடுப்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் விலங்கியல் பட்டதாரி. மருந்துக் கடையில் எட்டு வருடம் நின்றுவிட்டு, முப்பத்தைந்தாவது வயதில் ஆம்புலன்ஸ் வேலைக்கு வந்தேன். பயிற்சியில் ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்தியதும், பிரசவம் பார்க்கும் பாடத்தில் மயக்கம் வந்து உட்கார்ந்ததும் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை. மீதியெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு படித்தது. உப்பளத்தில் பாம்பு கடித்தவர்கள், புதுக்கோட்டை வளைவில் பைக்கோடு கிடந்தவர்கள், சங்கு குளிக்கப் போய் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்ததில் கைகால் முடங்கியவர்கள் என்று பதினேழு வருடம் போயிற்று.

எங்கள் வண்டியில் இருவர். பின்னால் நோயாளியோடு இருப்பவன் நான். ஓட்டுபவரை நாங்கள் பைலட் என்போம். என் பைலட் இசக்கிமுத்து, ஆழ்வார்திருநகரிப் பக்கத்துக்காரன். என்னைவிட ஆறு வயது இளையவன். வண்டி பள்ளத்தில் இறங்கும் முன்பு, "அண்ணாச்சி, குழி" என்று குரல் கொடுப்பான். பின்னால் நான் ஊசி குத்திக்கொண்டிருக்கலாம் என்ற நினைப்பு அவனுக்கு எப்போதும் உண்டு. அந்த ஒரு சொல்லுக்காகவே வேறு பைலட்டோடு போக நான் சம்மதித்ததில்லை.

எங்கள் மேலாளர் ஜெயராணி மேடம். முன்பு நர்ஸாக இருந்தவர். குள்ளமான, மெலிந்த உருவம். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. நாம் என்ன தகவல் சொன்னாலும், பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "பாத்ததா, கேட்டதா?"

முதலில் எங்களுக்கு அது கேலிப் பொருளாக இருந்தது. டீக்கடையில் இசக்கிமுத்து என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, வடை சூடா இருக்குன்னியளே, பாத்ததா கேட்டதா?" என்பான். பிறகு ஒரு விபத்து நடந்தது. வேன் கவிழ்ந்த இடத்துக்குப் போய், "ரெண்டு பேர் இறந்துட்டாங்க மேடம்" என்று போனில் சொன்னேன். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அங்கே நின்ற போலீஸ்காரர் சொன்னதைத்தான் நான் சொல்லியிருந்தேன். "போய்ப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். இருவரில் ஒருவருக்குக் கழுத்தில் நாடி இருந்தது. அன்றிலிருந்து யாரும் கேலி செய்யவில்லை.

மழைக்கு முன்பு அவர் செய்யும் ஏற்பாடுகளைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் எந்த வண்டியிலும் டீசல் பாதித் தொட்டிக்குக் கீழே போகக் கூடாது. ஆக்சிஜன் சிலிண்டர் வழக்கத்தைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். கயிறு, தார்ப்பாய், பிரசவப் பொருள்கள் தனிப் பையில். புயல் எச்சரிக்கை வந்தால் வண்டிகள் நனையாமல் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் தூத்துக்குடியில் மேடான ஒரே வளாகத்தில் நிறுத்துவது முன்பு வழக்கம். மேடம் வந்த முதல் வருடமே அதை மாற்றினார். "ஆத்துல தண்ணி வந்தா மாவட்டம் ரெண்டாப் போயிரும். நம்ம வண்டி ரெண்டு பக்கமும் நிக்கணும்" என்றார். தாமிரபரணிக்குத் தெற்கே ஆறுமுகநேரியில் ஒரு பள்ளிக்கூட மேட்டில் நிற்பது என் வண்டி என்று முடிவாயிற்று.

ஒவ்வொரு வண்டியிலும் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாளும் இருக்கும். 'தொடர்பு அறுந்தால்' என்று தலைப்பு. நாங்கள் வழக்கமாக மருத்துவரிடம் போனில் கேட்டுத்தான் முக்கியமான ஊசிகளைப் போடுவோம். போனே இல்லாமல் போனால் எந்த நான்கு நிலைமைகளில் கேட்காமலே என்ன செய்யலாம் என்று மருத்துவர் கையெழுத்திட்ட தாள் அது.

கடைசியாக, பட்டியல். அடுத்த இரண்டு வாரத்துக்குள் பிரசவத்துக்கு நாள் குறித்த பெண்கள் யார் யார் என்று கிராம சுகாதார செவிலியர்கள் எழுதித் தருவார்கள். மழைக்கு முந்தின நாளே நாங்கள் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, மருத்துவமனையில் கொண்டு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று எழுதி, நேரில் பார்த்திருந்தால் 'பா' என்றும், விசாரித்து அறிந்திருந்தால் 'கே' என்றும் குறிக்க வேண்டும். மேடம் அந்த எழுத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

அந்த மார்கழி வெள்ளத்தின்போது, மழைக்கு முந்தின நாள் மத்தியானம் என் கையில் இருந்த தாளில் பதினான்கு பெயர்கள். பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி, நான் முன் சீட்டிலேயே உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வானம் கறுத்திருந்ததே தவிரத் துளி விழவில்லை. பத்துப் பெயர்கள் முடிந்தன. பதினோராவது பெயர் ஷமீமா. வயது இருபத்து மூன்று, முதல் பிரசவம், ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல், காயல்பட்டினத்தில் ஒரு தெரு. கொடுத்திருந்த எண் அவளுடைய கணவனுடையது. அவன் வளைகுடாவில் வேலை பார்க்கிறவன் என்பது எண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. இரண்டு தடவை அடித்தேன். எடுக்கவில்லை.

மூன்றாவது தடவை அடிக்கப் போகும்போது என் மகள் ரெஜினாவிடமிருந்து போன் வந்தது. அவளும் தலைப்பிரசவத்துக்குத்தான் கோயம்புத்தூரிலிருந்து தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளை அன்றே மருத்துவமனையில் சேர்த்துவிடும்படி காலையில் என் மனைவியிடம் சொல்லியிருந்தேன்.

"அப்பா, எனக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. ஊர்ல இருக்க எல்லாரையும் பயமுறுத்துற மாதிரி என்னையும் பயமுறுத்தாதீங்க."

"பயமுறுத்தலம்மா. அம்மாவக் கூட்டிக்கிட்டு இப்பவே ஆட்டோ புடி."

"மழையே பெய்யல!"

"பெஞ்ச பெறகு என்னால அங்கன வர முடியாது, ரெஜி. ஆறு நடுவுல கெடக்கு."

கெஞ்சியும் அதட்டியும் பேசியதில் பத்து நிமிடம் போயிற்று. அவள் சம்மதித்துப் போனை வைத்தபோது என் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. தாளைப் பார்த்தேன். பதினோராவது பெயருக்கு எதிரே வெற்றிடம்.

"இந்தக் காயல்பட்டினத்துப் பிள்ளைக்கு யாரும் எடுக்கல, முத்து" என்றேன்.

"தலைப்பிள்ளையா?"

"ஆமா."

"பெறகென்ன அண்ணாச்சி, ஒம்பதாம் மாசம் எவ மாமியா வீட்டுல இருப்பா? நம்ம ரெஜினா மாதிரி அம்மை வீட்டுக்குப் போயிருப்பா."

எழுதினேன்: 'தாய்வீடு சென்றுவிட்டார்.' எதிரே 'கே' என்று போட்டேன். யாரிடம் கேட்டேன்? பக்கத்து சீட்டில் இருந்தவனிடம். தாளின் அடியில் செவிலியரின் எண் அச்சாகியிருந்தது. அதைக் கூப்பிட அரை நிமிடம் ஆகியிருக்காது. பன்னிரண்டாவது பெயருக்குப் போய்விட்டேன்.

காயல்பட்டினத்தில் பெண்கள் கல்யாணமாகி எங்கேயும் போவதில்லை. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் மாமியார் வீட்டுக்கு வருவான். தாய்வீடு என்று தனியாக ஒன்று அங்கே கிடையாது. அவள் பிறந்த வீட்டில்தான் இருக்கிறாள். இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. அந்த ஊர் வழியாகப் போகும்போதெல்லாம், "இங்க மாப்பிளதாம்லே பொட்டி தூக்கிட்டு வரணும்" என்று நானே இசக்கிமுத்துவைச் சீண்டியிருக்கிறேன். தெரியாமல் செய்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது. அந்த நேரத்தில் என் மண்டைக்குள் என் வீடு மட்டுமே இருந்தது.

மறுநாள் காலை பிடித்த மழை அன்று முழுவதும் விடவில்லை. அதற்கு அடுத்த நாள் விடிந்தபோது பள்ளிக்கூட மேட்டைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். ஆத்தூர்ப் பக்கம் சாலை உடைந்துவிட்டது, தூத்துக்குடிக்குப் போக வழியில்லை என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள். செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. ஏழரை மணி வாக்கில் என் போன் அடித்தது. மேடம்.

"லூர்து, காயல்பட்டினத்துல ஒரு கேஸ். கர்ப்பிணி. வலிப்பு வந்திருக்கு. பேரு ஷமீமா." வெறும் இரைச்சல் கேட்டு, மறுபடியும் குரல் வந்தது. "உங்க தாள்ல இருக்கா?"

தாள் என் மடியிலேயே இருந்தது.

"இருக்கு மேடம்."

"என்ன எழுதிருக்கீங்க?"

"தாய்வீடு சென்றுவிட்டார்னு."

"பாத்ததா, கேட்டதா?"

'கே' என்ற என் எழுத்தைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டும் இல்ல மேடம். நானா நெனச்சது" என்றேன்.

 

"சரி. இப்பப் போய்ப் பாருங்க. பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க" என்றார். அத்தோடு போன் செத்தது. அன்று சாயங்காலம் வரை அவர் குரல் எனக்குக் கிடைக்கவில்லை.

இசக்கிமுத்துவிடம் சொன்னேன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "நான்லா சொன்னேன் அண்ணாச்சி. அம்மை வீடுன்னு நான்லா சொன்னேன்" என்றான்.

"எழுதுனது நான். வண்டிய எடு."

நாலு கிலோமீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. சாலை தெரியாத இடத்தில் நான் இறங்கிக் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தேன், அவன் பின்னால் உருட்டி வந்தான். காயல்பட்டினம் மெயின் ரோட்டில் ஒரு மேடான இடத்தோடு வண்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் தெருக்கள் எல்லாம் மார்பளவுத் தண்ணீர்.

நல்லவேளை, கொம்புத்துறை மீனவர்கள் மினி லாரியில் பைபர் படகுகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அதில் சூசை என்பவர் என் மனைவி வழியில் சொந்தம், எனக்கு மச்சான் முறை. நான் பையோடு ஏறியதும் இசக்கிமுத்து படகைத் தள்ளிவிட்டான்.

"முப்பது வருசமா கடல்ல ஓட்டுதேன். தெருவுல ஓட்டக் கூப்பிட்டது நீங்கதாம் மச்சான்" என்றார் சூசை.

"ஒன்வே பாத்து ஓட்டும் வேய்" என்றான் இசக்கிமுத்து கரையிலிருந்து. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

எஞ்சினைப் போட முடியவில்லை. தண்ணீருக்கு அடியில் வீட்டுக்கு வீடு பைக்குகள் நின்றன. படகின் அடி அவற்றின் ஹேண்டில்பார்களில் உரசி உரசி நின்றது. கழியால் ஊன்றித்தான் போனோம். ஷமீமாவின் வீடு இருந்த சந்தின் வாயில் படகு சிக்கிக்கொண்டது. இரண்டு சுவர்களுக்கும் நடுவில் படகின் அகலம்கூட இல்லை. பையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். இழுப்பு காலை வாரியது.

மேலே ஜன்னலிலிருந்து ஒரு பெண் கத்தினாள். "சார், நடுவுல வராதீங்கோ! சாக்கடை மூடி தொறந்து கெடக்கு. செவரப் புடிச்சு வாங்கோ, செவரப் புடிச்சு!"

சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன்.

வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். செங்கல் அடுக்கி உயர்த்திய கட்டிலில் அவள் கிடந்தாள். முகம் வீங்கி, உதட்டோரம் கடிபட்டு ரத்தம் உறைந்திருந்தது. கையில் ஒரு சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். பக்கத்தில் அவளுடைய உம்மா, என் வயதுதான் இருக்கும், மகளின் முந்தானையால் அவள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விடியக்காலம் ஒருக்கா இழுத்திச்சு சார். பெறகு கண்ணு தொறக்கல."

"இந்த வீட்டுலதான் இருக்காங்களா, எப்பவும்?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கக் கூடாத கேள்வி அது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வேற எங்க இருப்பா? இது அவ வீடு."

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். ரத்த அழுத்தம் இருக்கக் கூடாத உயரத்தில் இருந்தது. வயிற்றில் கை வைத்தேன். ஒன்றுமில்லை. கையை எடுக்காமல் இருந்தேன். பிறகு உள்ளங்கைக்கு அடியில் ஒரு அசைவு, ஒரு முழங்கையோ குதிகாலோ நகர்ந்தது போல. இருந்தது. பிள்ளை உயிரோடு இருந்தது.

அப்போது இரண்டாவது வலிப்பு வந்தது. கட்டிலின் செங்கற்கள் ஆடின. யாரோ அவள் பற்களுக்கு நடுவே கரண்டியைக் கொண்டு வந்தார்கள். "வாயில ஒண்ணும் வைக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கரண்டி தண்ணீரில் விழுந்தது. வலிப்பு நின்றதும் போனைப் பார்த்தேன். சிக்னல் இல்லை. 'தொடர்பு அறுந்தால்' தாளை எடுத்தேன். மூன்றாவது நிலைமை. மூச்சை ஒரு நிமிடம் எண்ணு. முழங்காலைத் தட்டி, கால் உதறுகிறதா பார். இரண்டும் சரியாக இருந்தால் மக்னீசியம் ஊசியை இரண்டு பக்க இடுப்பிலும் ஆழமாகப் போடு. மூச்சை எண்ணினேன். முழங்காலை உள்ளங்கை விளிம்பால் தட்டினேன். கால் உதறியது. பெண்கள் போர்வையைத் திரையாகப் பிடித்தார்கள். ஊசி போட்டேன்.  

அடுத்தது அவளை வெளியே கொண்டுபோவது. சந்து வழியாக முடியாது. மார்பளவுத் தண்ணீரில் வலிப்பு வந்தால் மூழ்கிவிடுவாள். நான் வாசலைப் பார்த்து நின்றபோது உம்மா, "தெரு வழியா எதுக்கு? வீட்டு வழியாப் போவோம்" என்றார்.

அந்த ஊர்ப் பெண்கள் தெருவில் இறங்காமலே பக்கத்து வீட்டுக்குப் போய்வர வீட்டுக்கு வீடு உள்சுவரில் ஒரு கதவு உண்டு. ஆண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. வரிசையில் ஆறாவது வீட்டின் வாசல் ஒரு பெரிய தெருவைப் பார்த்து இருந்தது. அங்கே படகு வரும். உம்மா சுவர்க் கதவைத் தட்டி, "ராத்தா, கதவத் தொற! ஷமீமாவக் கொண்டு வாரோம்!" என்று கத்தினார். அந்தக் குரல் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவது கேட்டது. தாழ்ப்பாள்கள் விழும் சத்தம் வரிசையாக வந்தது.

கதவுகள் குறுகல், ஸ்ட்ரெச்சர் நுழையாது. கனத்த ஜமுக்காளத்தில் அவளைக் கிடத்தி நான்கு பெண்கள் முனைகளைப் பிடித்தார்கள். நானும் பிடிக்கப் போனேன்.

"நீங்க தலையப் பாருங்கோ சார். தூக்குறது எங்க சோலி" என்றாள் ஒருத்தி.

ஒரு கையால் அவள் தாடையை உயர்த்திப் பிடித்தபடி நான் பக்கவாட்டில் நடந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் புதுக் கைகள் மாறின. அடுப்படி, படுக்கையறை, நெல்மூட்டை மிதக்கும் கூடம். நாலாவது வீட்டுக் கதவு ஊறி உப்பித் திறக்க மறுத்தது. அந்தப் பக்கத்துப் பெண்ணும் இந்தப் பக்கத்துப் பெண்ணும் அம்மிக் குழவியாலும் உலக்கையாலும் இடித்தார்கள். நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டு நின்றேன். பதினெட்டு, பதினாறு. கதவு உடைய எடுத்த நேரம் எனக்குத் தெரியும், பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் அவள் அடிவயிறு கல் போல இறுகியது. இறுகியது தளரவே இல்லை. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். அந்தப் பெண்களிடம் நான் சொல்லவில்லை.

பெண்கள் ஜன்னல் வழியாகச் சொல்லியிருந்ததால், சூசை சுற்றி வந்து ஆறாவது வீட்டு வாசலில் படகைச் சுவரோடு அணைத்துப் பிடித்திருந்தார். வண்டிக்கு வந்து, திருச்செந்தூர் மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். உம்மா என் எதிரே மகளின் கால்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழி நெடுக இசக்கிமுத்துவின் குரல் வந்துகொண்டே இருந்தது. "அண்ணாச்சி, குழி. அண்ணாச்சி, தண்ணி. அண்ணாச்சி, இன்னும் கொஞ்சந்தான்." இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தி ஊர்க்காரர்கள் தள்ளினார்கள். மருத்துவமனைப் படியில் ஸ்ட்ரெச்சரை இறக்கியபோது பதினொன்றே முக்கால்.

ஜெனரேட்டர் வெளிச்சத்தில் அறுவைசிகிச்சை செய்தார்கள். ஷமீமா பிழைத்தாள். பிள்ளை ஆண். நஞ்சுக்கொடி முன்பே பிரிந்துவிட்டிருந்ததால் அவன் உயிரோடு வரவில்லை. துணியில் சுற்றி நர்ஸ் கொண்டுவந்து உம்மாவின் கையில் கொடுத்தபோது நான் நடையில் நின்றேன். குழந்தையின் முகத்தில் ஒரு குறையும் இல்லை. தலை நிறைய முடி இருந்தது.

நாங்கள் படகில் ஏறியதை மாடியிலிருந்து யாரோ போனில் படம் பிடித்திருந்தார்கள். தண்ணீர் வடிவதற்குள் அது ஊரெல்லாம் போய்விட்டது. ஒரு கூட்டத்தில் எனக்கும் இசக்கிமுத்துவுக்கும் சால்வை போட்டார்கள். அதே வாரத்தில் தூத்துக்குடியில் ரெஜினாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். மழைக்கு முந்தின நாளே மருத்துவமனையில் சேர்ந்திருந்ததால் எங்கள் தெருவில் இடுப்பளவு நின்ற தண்ணீரை அவள் பார்க்கவே இல்லை.

மேடத்திடம் போய், "இந்தக் கேஸ் ரிப்போர்ட்ல எல்லாம் சரியா நடந்த மாதிரி இருக்கு மேடம். காலையில ஏழரைக்கு கூப்பிட்டது, நாங்க போனதுன்னுதான் இருக்கு" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். மேஜை இழுப்பறையிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"மழைக்கு முந்தின நாள் மத்தியானத்துலேர்ந்து எழுதுங்க. உங்க கையால."

எழுதினேன். விசாரணை நடந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அடுத்த மழைக்கு முன் பட்டியலின் முறை மாறியது. கணவன் எண்ணோடு அந்தப் பெண் இருக்கும் வீட்டில் ஒருவருடைய எண்ணும் வேண்டும். அந்தப் பெண்ணின் குரலைக் கேட்காமல் எந்தப் பெயரையும் முடித்ததாகக் குறிக்க முடியாது. இப்போது பட்டியலே போனில் வந்துவிட்டது, அதிலும் அந்த விதி இருக்கிறது. ஆனால் என்னால் அடுத்த பட்டியலைத் தொட முடியவில்லை. எண்ணை அழுத்துவேன், மணி அடிக்கும், எதிர்முனையில் எடுப்பதற்குள் என் விரல்கள் ஆட ஆரம்பிக்கும். அந்த வேலையை அப்படிப்பட்ட கையால் செய்யக் கூடாது. வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்தேன்.

கடைசி நாளைக்கு முந்தின நாள் காயல்பட்டினம் போனேன். உம்மா கதவைத் திறந்ததும் என்னைத் தெரிந்துகொண்டார். "வாங்கோ சார், வாங்கோ" என்று உட்காரச் சொன்னார். ஷமீமா உள்ளே தூங்குகிறாள் என்றார். தேநீர் கொண்டுவந்து வைத்தார். "எங்க புள்ள உசிரு நீங்க குடுத்தது" என்றார். அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்று சொன்னேன். பட்டியலில் அவள் பெயர் இருந்தது, கணவனுக்கு இரண்டு தடவை போட்டேன், எடுக்கவில்லை, தாய்வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நானாக எழுதிவிட்டேன், செவிலியரை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று வரிசையாகச் சொன்னேன்.

அவர் என் முன்னால் இருந்த தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். கோபம் இல்லை. அழவும் இல்லை.

"நீங்க கூப்பிட்டிருந்தாலும் மழை வருமுன்ன புள்ளய வெளிய அனுப்பிருக்க மாட்டேன்னு நான் சொன்னா, உங்களுக்கு மனசு ஆறும். இல்லையா?"

அவர் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தார்.

"நான் அனுப்பிருப்பேன் சார். ஆம்புலன்ஸ்லேர்ந்து போன் வரும்னு நர்சம்மா சொல்லிட்டுப் போயிருந்தாங்க. துணிமணியெல்லாம் பையில கட்டி வாசல்ல வச்சுட்டு, போன மடியில வச்சுக்கிட்டு, அன்னைக்குப் பொழுது அடையுற மட்டும் இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன்."